டாக்டரிடம் போனால் விசா போய்விடுமா?

இங்கிலாந்தின் வடபகுதி நகரம் ஒன்றில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கும் 23 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு நான்கு ஆண்டுகளாகத் தைராய்டு சுரப்புக் குறைவு. தினம் 75 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை போட வேண்டும். செப்டம்பரில் கிளம்பும்போது ஐந்து மாதத்துக்கு வாங்கி வந்தார். கையிருப்பு குறைவதைப் பார்த்துப் பயந்து, ஒன்றுவிட்டு ஒருநாள் போட ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையாம். இப்போது காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, குளிர் தாங்கவில்லை, முடி கொத்துக்கொத்தாக வருகிறது, மாதவிடாய் ஒன்பது பத்து நாள் நீள்கிறது. அறைத்தோழி கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் காலைக் காப்பியில் விழுங்கி வருகிறார். மிச்சம் இருப்பது 18 தைராய்டு மாத்திரைகள்.

மருந்துக் கடையில் ஊர் டாக்டரின் சீட்டைக் காட்டியதற்கு, கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். பக்கத்திலிருந்த ஜிபி சர்ஜரியின் (குடும்ப டாக்டரின் கிளினிக்) ரிசப்ஷனில் பிஆர்பி கார்டும் (குடியிருப்பு அனுமதி அட்டை) அவர் பெயரில் ஒரு கரண்ட் பில்லும் கேட்டார்கள். ஐந்து பேர் பங்கு போட்டுக் குடியிருக்கும் வீடு; பில் வேறொருவர் பெயரில் வருகிறது. பேசாமல் திரும்பிவிட்டார். உடன் இருப்பவர்களோ, ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் ஆயிரக்கணக்கில் பில் வரும், விசா தரும் ஹோம் ஆபீசுக்குத் தகவல் போகும், மனஅழுத்தம் என்று பதிவானால் பல்கலைக்கழகமே ஊருக்கு அனுப்பிவிடும் என்கிறார்கள். ‘பழைய வியாதியை எங்கேயும் சொல்லாதே’ என்று ஏஜென்ட் முன்பே எச்சரித்திருக்கிறார். இரண்டு வாரமாக வகுப்புக்கும் போகவில்லை. ‘யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் ஊருக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், அதுதானே பாதுகாப்பு?’ என்று கேட்கிறார். கடைசியில் இன்னொரு கேள்வி: டிசம்பர் பட்டமளிப்பு விழாவுக்கு வரப்போகும் அப்பா அம்மாவுக்கும் விசாவோடு கட்டிய இந்த ஐஎச்எஸ் (சுகாதாரக் கட்டணம்) செல்லுமா?

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் பயந்து ஒதுக்கிவைத்த எதனாலும் உங்கள் விசாவுக்குக் கேடு வராது. ஜிபியைப் பார்க்கலாம், அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லலாம். பாதுகாப்பு என்று நினைத்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். உடம்பை முதலில் கவனிப்போம்.

முதலில் மாத்திரை

மாத்திரையை மிச்சம் பிடிக்க வேண்டாம். உங்களுக்கு எழுதிக் கொடுத்த அளவை நாளையிலிருந்து தினமும் போடுங்கள். கையில் 18 இருக்கிறது என்றால் உங்களுக்கு 18 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் இங்கேயே சீட்டு வாங்கிவிடலாம்.

தைராக்சின் உடம்பைவிட்டு மெதுவாகப் போகும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் முதல் பத்து நாள் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏழு வாரம் பாதி டோஸில் ஓட்டிய பிறகு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது. களைப்பு, முடி கொட்டுவது, அதிக உதிரப்போக்கு, எதிலும் பிடிப்பில்லாமை, குளிர் தாங்காமை என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பவை எல்லாமே தைராய்டு குறைவதால் வரக்கூடியவை. (பிப்ரவரி மாத இங்கிலாந்தில் குளிர் தாங்காததை மட்டும் வைத்து யாருக்கும் நோய் சொல்ல மாட்டேன்.) உதிரம் அதிகம் போனால் இரும்புச்சத்து குறையும், அது களைப்பை இன்னும் கூட்டும். கடிதத்தைப் படித்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் டிஎஸ்எச் (தைராய்டு அளவு), முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு) ஆகிய மூன்று பரிசோதனைகளில் பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும்.

அறைத்தோழி நல்லெண்ணத்தில்தான் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார். ஆனால் அது குடலில் தைராக்சினைச் சேரவிடாமல் தடுக்கும். காப்பியும் அப்படித்தான். அதாவது ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டதிலும் ஒரு பங்கு வீணாகியிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி, இரும்பு அல்லது கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. இதை மட்டும் மாற்றாமல் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைந்து, அது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கம், படபடப்பு, மூச்சு வாங்குதல் வந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கு அழையுங்கள், நிலைமை மோசமென்றால் ஆம்புலன்ஸுக்கு 999. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் அதையும் ஜிபியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் தைராய்டு அளவு உடனே கவனிக்க வேண்டிய விஷயம். இதைக் கேட்டு இங்கே எந்த டாக்டரும் முகம் சுளிக்க மாட்டார், உங்கள் வீட்டுக்குப் போன் போடவும் மாட்டார்.

நீங்கள் கட்டியது இன்சூரன்ஸ் இல்லை

மாணவர்களுக்கான ஐஎச்எஸ் கட்டணம் 2024 பிப்ரவரி 6 முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு. உங்கள் விசா 2027 ஜனவரி வரை என்கிறீர்கள், அப்படியென்றால் ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 பவுண்டு கட்டியிருப்பீர்கள். ரசீது மின்னஞ்சலில் இருக்கும், தேடிப் பாருங்கள். அந்தப் பணம் விசா இருக்கும் காலம்வரை இந்நாட்டில் குடியிருப்பவரைப் போலவே என்எச்எஸ் (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) சிகிச்சை பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

நம் ஊரில் ஹெல்த் இன்சூரன்ஸ் என்றால் ‘ஏற்கெனவே இருக்கும் நோய்’ என்ற ஷரத்து, காத்திருப்புக் காலம், நெட்வொர்க் ஆஸ்பத்திரி, கேஷ்லெஸ், கிளெய்ம் என்று ஆயிரம் சங்கதி இருக்கும். ஏஜென்ட் அந்த மனக்கணக்கில்தான் ‘வியாதியைச் சொல்லாதே’ என்றிருக்கிறார். ஐஎச்எஸ்ஸில் இவை எதுவும் கிடையாது. நான்கு வருடத் தைராய்டு என்று தைரியமாகச் சொல்லலாம். சொல்லாமல் மறைத்தால்தான் டாக்டர் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். விசாவுக்காக இந்தியாவிலிருந்து வருவோர் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதை முடித்துத்தான் வந்திருக்கிறீர்கள். தைராய்டு இருப்பது மாணவர் விசாவுக்கு ஒரு தடையே இல்லை.

‘ஆயிரக்கணக்கில் பில், ஹோம் ஆபீசுக்குத் தகவல்’ என்ற கதையில் ஒரு துளி உண்மை உண்டு, அதனால்தான் அது இவ்வளவு தூரம் பரவுகிறது. கட்டணம் செலுத்த வேண்டிய வெளிநாட்டு நோயாளி ஒருவர் என்எச்எஸ் ஆஸ்பத்திரிக்கு 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பாக்கி வைத்து, இரண்டு மாதம் கட்டாமல் இருந்தால் அந்தத் தகவல் ஹோம் ஆபீசுக்குப் போகும்; பின்னால் விசா கேட்கும்போது இடைஞ்சல் வரலாம். பெரும்பாலும் சுற்றுலா விசாவில் வந்தவர்களும் விசா முடிந்தவர்களும்தான் இதில் மாட்டுகிறார்கள். ஐஎச்எஸ் கட்டி, விசா செல்லுபடியாக இருக்கும் உங்களுக்கு அந்த பில்லே வராது. ஏதோ குழப்பத்தில் பில் வந்துவிட்டால் கிழித்துப் போடாதீர்கள். விசா விவரத்தோடு அந்த ஆஸ்பத்திரியின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவுக்கு உடனே எழுதுங்கள்.

ஐஎச்எஸ்ஸில் சேராதவையும் உண்டு. பல், கண்ணாடி, இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணம், குழந்தைப்பேறுக்கான ஐவிஎஃப் போன்ற சிகிச்சை ஆகியவை தனி.

ரிசப்ஷனில் திருப்பி அனுப்பினால்

உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. ஜிபியில் பதிவு செய்ய முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ விசா ஆவணமோ கட்டாயம் இல்லை என்பது என்எச்எஸ் இங்கிலாந்தின் தெளிவான வழிகாட்டுதல். கேட்கலாம், இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. அதிலும் பிஆர்பி கார்டு 2024 டிசம்பர் 31உடன் வழக்கொழிந்தது. 2025 செப்டம்பரில் வந்த உங்களிடம் கார்டு இல்லாத மின்னணு விசாவான இவிசாதான் இருக்க முடியும். இல்லாத கார்டை எங்கிருந்து காட்டுவீர்கள்? ரிசப்ஷனில் இருப்பவர்கள் பலருக்குப் பழைய பட்டியல்தான் மனப்பாடம். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் நீங்கள் தலையாட்டிவிட்டு வந்தால் அடுத்து வரும் பிள்ளைக்கும் அதே பதில்தான் கிடைக்கும்.

மறுபடி நேரில் போக வேண்டிய அவசியமும் இல்லை. என்எச்எஸ் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்து சர்ஜரிகள் வரும். பெரும்பாலானவற்றில் ஆன்லைனிலேயே பதிவு செய்துவிடலாம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய சர்ஜரி இருந்தால் அதை முதலில் பாருங்கள், மாணவர்கள் வந்து போவது அவர்களுக்குப் பழக்கம். உங்கள் வீடு அவர்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பது போன்ற நியாயமான காரணத்துக்கு மறுக்கலாம். எந்தக் காரணமானாலும் 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். ‘அந்தக் காரணத்தை எழுதிக் கொடுங்கள்’ என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் படிவம் கைக்கு வந்துவிடும்.

பதிவானதும் சர்ஜரியின் ஆன்லைன் படிவத்தில் கோரிக்கை வையுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தின் ஜிபி சர்ஜரிகள் வேலை நேரம் முழுவதும் இதைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காலை எட்டு மணிக்குப் போனோடு மல்லுக்கட்ட வேண்டாம். ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள். இப்படி எழுதுங்கள்: நான்கு ஆண்டுகளாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம், ஏழு வாரம் பாதி அளவு, இத்தனை மாத்திரைதான் மிச்சம், இந்தத் தேதியில் தீர்கிறது, மாதவிடாய் பத்து நாள், களைப்பு, மனச்சோர்வு, கடைசி டிஎஸ்எச் அளவு இது, எடுத்த தேதி இது. ஊர் டாக்டரின் சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் படம் எடுத்து இணையுங்கள். அந்தச் சீட்டுக்கு இங்கே கடையில் மருந்து தர மாட்டார்கள், சட்டம் அப்படி. ஜிபிக்கு அது நல்ல ஆதாரம்.

நேரில் பார்க்கும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடம்தான். பெண் டாக்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். ஆங்கிலத்தில் பாடம் படிப்பது வேறு, உதிரப்போக்கையும் அழுகையையும் விவரிப்பது வேறு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லுங்கள், அதற்குக் காசு கிடையாது. நம் ஊரில் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போய் அன்றைக்கே ஸ்கேனும் எடுத்துவிடுவோம். இங்கே ஜிபி எழுதி அனுப்பினால்தான் நிபுணர், அதற்கும் மாதக்கணக்கில் காத்திருப்பு உண்டு. எரிச்சலாகத்தான் இருக்கும். நல்லவேளையாக உங்களுக்கு இப்போது வேண்டிய ரத்தப் பரிசோதனையும் தைராக்சினும் ஜிபி அளவிலேயே முடிகிற காரியங்கள்.

மருந்துச் செலவு

இங்கிலாந்தில் சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: தைராய்டு குறைவுக்கு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் உண்டு. எஃப்பி92ஏ என்ற படிவத்தைச் சர்ஜரியில் கேளுங்கள். சான்றிதழ் வந்துவிட்டால் தைராக்சினுக்கு மட்டுமின்றி, எழுதித் தரும் எல்லா மருந்துக்கும் கட்டணம் இல்லை. அது வருவதற்குள் காசு கொடுத்து வாங்க நேர்ந்தால், கொடுக்கும்போதே எஃப்பி57 ரசீது கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் தர மாட்டார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் வலிப்பு நோய்க்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்கும் இதே சலுகை உண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே இல்லை, அங்கே யாருக்கும் சீட்டுக் கட்டணம் கிடையாது.

75 மைக்ரோகிராமை இங்கே 50ம் 25ம் ஆக இரண்டு மாத்திரையாகத் தரக்கூடும். டோஸ் மாறிவிட்டதோ என்று பதற வேண்டாம், கூட்டிப் பாருங்கள்.

மனசும் பல்கலைக்கழகமும்

‘ரூமை விட்டு வெளியே போகவே பிடிக்கவில்லை, எதற்கு வந்தோம் என்றிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு சரியானால் இதில் ஒரு பகுதி தெளியலாம். ஆனால் அதுவரை பொறுத்திருங்கள் என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருப்பதே சுமை என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும், எந்த நேரமானாலும் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள், மனநலக் குழு பேசும். பேசிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் 116 123, இலவசம். ஜிபியில் பதிவானபின், என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்ற பேச்சு சிகிச்சைக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

ஜிபியிடம் சொல்வது பல்கலைக்கழகத்துக்குப் போகாது. உங்கள் மருத்துவப் பதிவைத் துறைத்தலைவரோ சர்வதேச மாணவர் அலுவலகமோ திறந்து பார்க்க முடியாது. பல்கலைக்கழகத்தின் கவுன்சிலிங் பிரிவும், உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய, நீங்கள் சொன்னதைத் துறையிடம் சொல்லாது. மனச்சோர்வு என்று பதிவானதற்காக மாணவர் விசாவை ரத்து செய்வதும் கிடையாது.

வகுப்புக்கு வராததைப் பல்கலைக்கழகம் கட்டாயம் கவனிக்கிறது. அவர்கள் உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஸ்பான்சர். சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் வராமலே இருந்தால், ஸ்பான்சர்ஷிப்பை விலக்கி ஹோம் ஆபீசுக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு வந்துவிடும். ஆகவே இந்த வாரமே பர்சனல் டியூட்டருக்கோ மாணவர் ஆதரவுப் பிரிவுக்கோ நான்கு வரி எழுதுங்கள்: நாள்பட்ட உடல்நலப் பிரச்சினை, மருந்துத் தட்டுப்பாட்டால் இரண்டு வாரம் வர முடியவில்லை, ஜிபியில் பதிவு செய்துகொண்டிருக்கிறேன், அசைன்மென்டுக்கு அவகாசம் வேண்டும். அந்தரங்க விவரம் எதுவும் தேவையில்லை. உடல்நலக் காரணத்துக்குக் கெடு நீட்டிக்கும் ஏற்பாடு பல்கலைக்கழகங்களில் உண்டு. மருத்துவச் சான்று கேட்டால் ஜிபி அந்தக் கடிதத்துக்குத் தனியாகக் காசு கேட்கலாம், முதலில் சுயசான்று போதுமா என்று விசாரியுங்கள். நீண்டகால நோய் அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்தால், 2010 சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான மாற்றங்கள் செய்து தரும் பொறுப்பும் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. அதில் உள்ளூர் மாணவர், வெளிநாட்டு மாணவர் என்ற பேதம் இல்லை.

ஊருக்குப் போவது

போகவே கூடாது என்று சொல்லவில்லை. அம்மா கையால் பத்து நாள் சாப்பிட்டால் பாதி தெம்பு வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அனுமதி வாங்கிப் போங்கள். உடல்நலக் காரணத்துக்குப் பல்கலைக்கழகம் விடுப்பு தரலாம். அது 60 நாளைத் தாண்டினால் விதிவிலக்கான சூழ்நிலை தவிர ஸ்பான்சர்ஷிப்பை விலக்க வேண்டியிருக்கும். பிறகு திரும்பி வரப் புதிய சிஏஎஸ் (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி), புதிய விசா, புதிய ஐஎச்எஸ். இன்னொன்றும் இருக்கிறது. படிப்பு முடிந்து இங்கே வேலை பார்ப்பதற்கான கிராஜுவேட் விசா எடுக்கும் எண்ணம் உங்களுக்கு உண்டு. 12 மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள படிப்பென்றால், அனுமதித்த விடுப்பு போக முழுக் காலமும் இங்கிலாந்தில் இருந்து படித்திருக்க வேண்டும் என்பது அந்த விசாவின் நிபந்தனை. சொல்லாமல் ஒரு மாதம் போய்விட்டு, ‘ஊரிலிருந்தே ஆன்லைனில் சமாளித்தேன்’ என்பது அங்கே எடுபடாது.

தவிரவும், ஒரு மாதத்தில் தைராய்டு விவகாரம் முடியாது. டோஸ் சீரானபின் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் அடுத்த டிஎஸ்எச் எடுப்போம். அந்தப் பரிசோதனை எப்படியும் இங்கேதான் நடக்க வேண்டும்.

அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஐஎச்எஸ் அவர்களுக்குச் செல்லாது. விசிட்டர் விசாவில் வருபவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்எச்எஸ் தன் செலவில் 150 சதவீதம் வசூலிக்கும். உங்கள் வீட்டுத் தோழிகள் சொன்ன அந்த பில் இதுவாகத்தான் இருக்கும். இருவருக்கும் பயணக் காப்பீடு எடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள், பழைய நோய்க்கும் செல்லும் பாலிசியா என்று கேட்டு வாங்குங்கள். தங்கும் நாளுக்கும் இன்னும் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.